ஏழு வயதுப் பெண்ணுக்கு ஆய் போகும்போது ரத்தம்: சின்னப் பிள்ளைக்கு மூலம் வருமா?

வெண்ணாற்றங்கரை | ஜனவரி 2, இரவு 10.40

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். என் பெண்ணுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தீபாவளி முடிந்ததிலிருந்தே ஆய் போகும்போது ரத்தம் வருகிறது. தினமும் இல்லை. நான்கு ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் போகிறாள், போகும் அன்றெல்லாம் அழுகை. கெட்டியாக, பெரியவர்களுக்கு வருவதுபோல் தடிமனாக வருகிறது, அதன் மேலே சிவப்பாகக் கோடு போட்டாற்போல் ரத்தம், கழுவும்போது இரண்டு சொட்டு. நேற்று கழுவிவிடும்போது பார்த்தேன், ஆசனவாய் ஓரத்தில் உளுந்து அளவுக்கு ஒரு சதை நீட்டிக்கொண்டிருக்கிறது. பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

மாமியார் இது மூலச்சூடுதான் என்கிறார். மாமனாருக்கு மூலம் இருந்து அறுவை சிகிச்சை செய்தவர், அதனால் வம்சத்தில் வருவது என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். பஸ்ஸில் ஒட்டியிருந்த மூலம், பவுத்திரம் நோட்டீஸைப் பார்த்து வீட்டுக்காரர் போன் செய்தார். ஊசி போட்டால் ஒரு வாரத்தில் சுருங்கி விழுந்துவிடும், குழந்தையையும் கூட்டி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். வருகிற திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். போகலாமா? யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

குடமுருட்டி | ஜனவரி 2, இரவு 10.58

அக்கா, திங்கட்கிழமை அங்கே போகாதீர்கள். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா பெரிய ஆள், அவரே அந்த மாதிரி ஓர் இடத்தில் ஊசி போட்டுக்கொண்டு அந்த இடம் புண்ணாகி, சீழ் பிடித்து, மூன்று மாதம் உட்கார முடியாமல் கிடந்தார். குழந்தை உடம்பு அதைத் தாங்காது.

நீடா செவிலி | ஜனவரி 3, காலை 6.15

நான் டாக்டர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினான்கு வருடமாகச் செவிலியர். இந்தக் கேள்வியோடு வாரத்துக்கு ஒரு தாயாவது வருகிறார், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு மூலம் வருவது மிகவும் அரிது. ஆசனவாய்க்கு உள்ளே ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற சதை எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு, அது நோய் இல்லை. வருடக்கணக்கில் முக்கி முக்கி, வயது ஏறி, பிடிப்பு தளர்ந்து அந்த மெத்தை வீங்கிக் கீழே இறங்குவதைத்தான் மூலம் என்கிறோம். ஏழு வயதில் அந்தப் பிடிப்பு தளர நியாயமே இல்லை. கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயில் அடைப்போ அழுத்தமோ இருக்கிற குழந்தைகளுக்கு அங்கே ரத்தக்குழாய் புடைக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைக்கு மண்ணீரல் பெரிதாகி வயிறு உப்பியிருக்கும், ரத்த வாந்திகூட வரலாம். அது வேறு கதை. வம்சத்தில் மூலம் இருப்பதால் இந்த வயதில் மூலம் என்று முடிவு கட்ட முடியாது.

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் ஆசனவாய் வெடிப்பு மாதிரி இருக்கிறது. டாக்டர்கள் ஃபிஷர் என்பார்கள். மலச்சிக்கல் இருக்கிற குழந்தைக்கு ஆய் போகும்போது வலியோடு ரத்தம் வந்தால் பெரும்பாலும் இதுதான். கெட்டியான மலம் வரும்போது உதட்டோரம் வெடிப்பதுபோல அங்கே தோல் கிழிகிறது. ஆறுவதற்குள் அடுத்த கெட்டி மலம் வந்து மறுபடி கிழிக்கிறது. இப்படிக் கிழிந்து ஆறிக் கிழிந்து ஆறி, அதன் ஓரத்தில் தோல் மடிந்து சின்னச் சதையாகத் தொங்கும். நீங்கள் பார்த்த உளுந்து அளவுச் சதை அதுவாகத்தான் இருக்கும். அந்தத் தோலைப் பார்த்துத்தான் முக்கால்வாசிப் பேர் மூலம் என்று பயப்படுகிறார்கள்.

ஆனால் போனில் படித்து நான் சொல்வது வேறு, கண்ணால் பார்த்துச் சொல்வது வேறு. குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். படுக்கவைத்துக் காலைத் தூக்கி, தோலை லேசாக விரித்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். ஆய் வரும்போது மூலையில் போய் நின்றுகொண்டு காலைப் பின்னிக்கொள்கிறாளா? ஜட்டியில் கறை படிகிறதா?

அரசலாறு | ஜனவரி 3, காலை 8.02

அம்மா, எனக்கு அறுபத்தெட்டு வயது. எதற்கெடுத்தாலும் ஆஸ்பத்திரி என்று ஓடுவதை நான் ஒப்புவதில்லை. எங்கள் காலத்தில் வாரம் ஒருநாள் கருணைக்கிழங்கு மசியல், துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவது, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், இவ்வளவுதான். பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்துக் குடலைக் கழுவிவிடுவோம். சூடு தணிந்தால் ரத்தம் நின்றுவிடும். ஊசி போடும் ஆளிடம் போக வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான், அது நம் வைத்தியமே இல்லை.

நீடா செவிலி | ஜனவரி 3, மதியம் 1.30

ஐயா, கருணைக்கிழங்கும் கீரையும் சாப்பாடாகப் போடுவதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை, நார்ச்சத்து நல்லதுதான். விளக்கெண்ணெய் விஷயத்தில்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அது குடலை முறுக்கி ஒரே நாளில் பேதியாக்கிவிடும், வெடிப்பு இருக்கிற பிள்ளைக்கு அந்த வலி மறுபடி பயத்தைக் கொடுக்கும். அடுத்த நாளிலிருந்து அவள் இன்னும் இறுக்கி அடக்குவாள். ஒரு நாள் கழுவிவிடுவதால் தீர்கிற பிரச்சினை இல்லை இது. மலம் மாதக்கணக்கில் தொடர்ந்து மெத்தென்று வர வேண்டும், வலிக்காது என்று அவளுக்கு நம்பிக்கை வர வேண்டும், அதற்குத்தான் மருந்து. துத்தி இலை கட்டுவதைப் பற்றி, திறந்த புண்ணில் சூடான எதையும் வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

அய்யம்பேட்டை அப்பா | ஜனவரி 3, மாலை 4.20

என் மகன் கதையையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாமே வெடிப்பு இல்லை.

அவனுக்கு அப்போது நான்கு வயது. மலச்சிக்கல் கிடையாது, வலி கிடையாது, சிரித்துக்கொண்டே போவான். போய் முடித்தபின் கடைசியில் நல்ல சிவப்பாக ரத்தம் சொட்டும். வலி இல்லையே என்று நாங்களும் அலட்சியமாக இருந்தோம். மருந்துக்கடையில் கேட்டு மூலத்துக்குப் பூசும் களிம்பு வாங்கி எட்டு மாதம் பூசினோம், எட்டு மாதம்! ஒருநாள் விளையாடிவிட்டு வந்தவன் வெளுத்துப்போய் உட்கார்ந்தான், ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8தான், ரத்தசோகை.

திருச்சியில் குடல் மருத்துவர் பார்த்து, மலக்குடலில் பாலிப் என்றார். காம்பில் தொங்கும் செர்ரிப் பழம் மாதிரி ஒரு சதைக்கட்டி. மயக்கம் கொடுத்து, ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு, கம்பிச் சுருக்கு மாட்டி அறுத்து எடுத்துவிட்டார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை, மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பி, இந்த வயதில் வழக்கமாக வருகிற சாதாரணக் கட்டிதான், புற்று இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். இப்போது அவனுக்கு ஒன்பது வயது, அதன்பின் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

வலியோடு வந்தால் வெடிப்பாக இருக்கலாம். வலியே இல்லாமல் திரும்பத் திரும்ப வந்தால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். அந்த எட்டு மாதம் இன்னும் என் மனசை அறுக்கிறது.

வெண்ணாற்றங்கரை | ஜனவரி 3, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. செவிலி அக்கா கேட்ட இரண்டுமே இருக்கிறது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில், முகம் சிவக்க நிற்பாள். வயிறு வலிக்கிறதா, ஆய் வருகிறதா, போ போ என்று நாங்கள் விரட்டுவோம். அவள் முக்குகிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அடக்குகிறாள் என்று தோன்றவே இல்லை. ஜட்டியில் கறையும் உண்டு. வயிற்றுப்போக்கு என்று நினைத்து இரண்டு தடவை பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்தேன், கடவுளே.

இன்று மடியில் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். பள்ளிக்கூடத்துக் கழிவறையில் தாழ்ப்பாள் இல்லையாம். ஒருநாள் உள்ளே இருக்கும்போது பையன்கள் கதவைத் தள்ளியிருக்கிறார்கள். அதிலிருந்து அங்கே போவதே இல்லையாம். காலையில் வீட்டிலும் போக நேரம் இல்லை, எட்டேகாலுக்குப் பள்ளியில் காலை உணவு, அதற்கு ஓடிவிடுவாள். தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வரும் என்று தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறாள். இவ்வளவு நாள் என்னிடம் சொல்லவில்லை.

நீடா செவிலி | ஜனவரி 3, இரவு 9.50

அழாதீர்கள்மா. நீங்கள் மட்டுமில்லை, இங்கே வருகிற பெரும்பாலான தாய்மார்கள் அதை முக்குவது என்றுதான் நினைக்கிறார்கள்.

நடப்பது இதுதான். அடக்கிய மலம் பெருங்குடலில் தங்கத் தங்க, குடல் அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் களிமண் கட்டியாக இறுகும். மலக்குடல் விரிந்துபோய், நிறைந்திருக்கிறது என்ற உணர்வே மழுங்கிவிடும். பின்னால் வருகிற இளகிய மலம் அந்தக் கட்டியின் ஓரமாகக் கசிந்து ஜட்டியில் படியும். அவளுக்குத் தெரிந்து நடப்பதில்லை, அதற்காக ஒருபோதும் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். பேதியை நிறுத்தும் அந்த மருந்தை இனிமேல் கொடுக்காதீர்கள். நாளைக்கே டாக்டரிடம் இந்த மூன்றையும் சொல்லுங்கள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை, நிற்கிற விதம், ஜட்டிக் கறை.

கொரடாச்சேரி டீச்சர் | ஜனவரி 4, காலை 7.05

படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. நான் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளியிலும் கழிவறை இருக்கிறது, தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறது, மோட்டார் கெட்டால் மாதக்கணக்கில் வாளிதான். இடைவேளை பத்து நிமிடம், அதில் நூறு பிள்ளைகள். பாடம் நடக்கும்போது கை தூக்கினால், இப்போதுதானே இடைவேளை விட்டேன் என்று நானே உட்காரச் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்லமாட்டேன்.

தாழ்ப்பாள் விஷயத்தை வகுப்பு ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், அவர் செய்யாவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள். அந்தக் குழுவில் பெற்றோர்தான் அதிகம் இருப்பார்கள், உங்கள் குரலுக்கு அங்கே இடம் உண்டு. ஒரு தாழ்ப்பாள் நூறு ரூபாய்கூட வராது. இன்னொன்று, டாக்டர் சீட்டில், இந்தக் குழந்தை எப்போது கேட்டாலும் கழிவறைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கும் அது உதவியாக இருக்கும்.

வெட்டாறு | ஜனவரி 4, காலை 11.30

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் குழந்தைக்கு மூன்று மாதம், தாய்ப்பால் மட்டும்தான். ஐந்து நாளாக ஆய் போகவில்லை. அம்மா வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைக்கலாம் என்கிறார், பக்கத்து வீட்டில் சோப்புத் துண்டு வைக்கச் சொல்கிறார்கள். கூடவே தேன் தொட்டு வைக்கவும் சொல்கிறார்கள்.

நீடா செவிலி | ஜனவரி 4, மதியம் 2.10

எதையும் வைக்காதீர்கள். காம்பு குத்தி உள்ளே கிழிந்து ரத்தம் வந்த குழந்தையை நான் பார்த்திருக்கிறேன், சோப்பு அந்த மெல்லிய சவ்வை எரித்துப் புண்ணாக்கும். தேன் ஒரு வயது முடியும்வரை கொடுக்கவே கூடாது, அதிலிருக்கும் கிருமி கைக்குழந்தையின் நரம்புகளைத் தளரச் செய்கிற நோயைக் கொண்டுவரலாம்.

ஒன்றரை மாதத்துக்குமேல் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள், ஒரு வாரம்கூடப் போகாமல் இருப்பது உண்டு. நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி, ஒன்றுக்குத் தாராளமாகப் போய், கடைசியில் வருவது இளக்கமாக இருந்தால் அது மலச்சிக்கலே இல்லை. ஆனால் பிறந்தபோது முதல் கறுப்பு மலம் இரண்டு நாள் கழித்துத்தான் போனதா, வயிறு உப்புகிறதா, பச்சையாக வாந்தி எடுக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதையும் படித்துக்கொள்ளுங்கள். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று காலை மடக்கி வீறிட்டு அழுது, சற்று ஓய்ந்து, மறுபடி அழுது, வாந்தி எடுத்து, ரத்தமும் சளியுமாக ஜாம் மாதிரி மலம் போனால், குடல் குடலுக்குள் சொருகிக்கொண்டிருக்கலாம். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் அதிகம் வருவது. சீதபேதி என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள். தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலும், வலி இல்லாமலே நிறைய ரத்தம் கொட்டினாலும், குழந்தை சோர்ந்து வெளுத்தாலும் அப்படியே. இரும்புச்சத்து டானிக் குடித்தால் கறுப்பாகவும் பீட்ரூட் சாப்பிட்டால் சிவப்பாகவும் போகும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூவன்தார் | ஜனவரி 4, மாலை 5.40

என் தங்கை மகனுக்கு இரண்டரை வயது. முக்கும்போது சிவப்பாகச் சதை வட்டமாக வெளியே வந்து, எழுந்ததும் தானே உள்ளே போய்விடுகிறது. இதுதானே மூலம்?

நீடா செவிலி | ஜனவரி 4, மாலை 6.25

இல்லை, இது மலக்குடலே வெளியே தள்ளுவதாக இருக்கும், நான்கு வயதுக்குக் கீழே இதைத்தான் பார்ப்போம். முக்குவது, நாள்பட்ட பேதி, சாட்டைப்புழு, சத்துக் குறைவு என்று காரணம் பல. காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே நின்றுவிடும். வெளியே வந்தது தானாக உள்ளே போகாமல் நின்று நிறம் மாறினால் அன்றே ஆஸ்பத்திரி. மற்றபடி இந்த வாரத்துக்குள் காட்டுங்கள். அப்புறம், பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள், அங்கன்வாடியில் மாத்திரை கொடுப்பார்கள், விடாமல் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு தூங்காத பிள்ளைக்குக் கீரிப்பூச்சி இருக்கலாம், அதையும் மூலம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வெண்ணாற்றங்கரை | ஜனவரி 6, இரவு 8.30

திங்கட்கிழமை அந்த இடத்துக்குப் போகவில்லை. தஞ்சாவூரில் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். விரல்கூட உள்ளே விடவில்லை, தோலை விரித்துப் பார்த்துவிட்டு, பின்பக்கம் நடுவில் வெடிப்பு, அதன் நுனியில் தோல் மடிப்பு, மூலம் இல்லை என்றார். இடது அடிவயிற்றில் என் கையை வைத்து அழுத்தச் சொன்னார், கல்லுக்கல்லாகத் தட்டுப்பட்டது. எல்லாம் தேங்கிய மலம்.

தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஒரு பவுடர், பாலிஎத்திலீன் கிளைகால் என்று எழுதியிருக்கிறது. அது குடலில் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குமாம், பழகிப்போகிற மருந்து இல்லையாம். முதல் சில நாள் அதிக அளவு, தேங்கியது வெளியேறியபின் தினமும் குறைந்த அளவு. மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும், நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். பூசக் களிம்பு, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார வைப்பது. காலையும் இரவும் சாப்பிட்டவுடன் ஐந்து பத்து நிமிடம் கழிவறையில் உட்கார வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும். சாப்பிட்டவுடன் பெருங்குடல் தானே அசைந்து கொடுக்குமாம், அந்த நேரத்தைப் பயன்படுத்த வேண்டுமாம். எங்கள் வீட்டில் போன வருடம்தான் நாற்காலிக் கழிவறை போட்டோம், அதில் அவள் கால் தொங்கும். காலுக்குக் கீழே மணைப்பலகை வைத்து முட்டி உயர இருக்க வேண்டும் என்றார்.

பால் எவ்வளவு என்று கேட்டார். வீட்டில் மாடு இருக்கிறது, மூன்று வேளையும் பெரிய டம்ளர், முக்கால் லிட்டர் ஆகிவிடும். அரை லிட்டருக்குள் குறைக்கச் சொன்னார். பால் குடித்தே வயிறு நிறைந்து அவள் கீரை, காய் எதையும் தொடுவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மாமியாரும் கூட வந்திருந்தார், டாக்டரிடமே மூலச்சூடா என்று கேட்டார், அவர் பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார்.

அரசலாறு | ஜனவரி 7, காலை 7.45

நல்லதம்மா. மனசு நிம்மதியானது. அய்யம்பேட்டைத் தம்பி எழுதியதைப் படித்தபின் நானும் யோசித்தேன், எல்லா ரத்தத்தையும் சூடு என்று சொன்னது என் தவறுதான். சாப்பாட்டுக்கு மட்டும் சொல்கிறேன். கருணைக்கிழங்கைப் புளி சேர்த்து நன்றாக வேகவைத்தால் நாக்கு அரிக்காது. காலையில் இரண்டு பூவன் பழம், கொய்யாவைத் தோலோடு, முளைக்கீரை மசியல், தை மாதம் வேதாரண்யம் பக்கத்திலிருந்து பனங்கிழங்கு வரும், அவித்து நாரை எடுத்துவிட்டுக் கொடுங்கள். சாப்பிடுவாள்.

வெண்ணாற்றங்கரை | பிப்ரவரி 24, இரவு 9.05

ஏழு வாரம் ஆகிறது, எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள், சம்பா அறுப்பு.

பத்தாவது நாளோடு ரத்தம் நின்றது. ஆனால் பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது, நன்றாகத்தானே இருக்கிறாள் என்று ஐந்து நாள் பவுடரை விட்டுவிட்டேன். நான்காம் நாள் மறுபடி கதவு நிலை, மறுபடி அழுகை, ஒரு சொட்டு ரத்தம். டாக்டர் திட்டவில்லை, நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள் என்று சொல்லித் திரும்ப ஆரம்பித்துவைத்தார். காலண்டரில் போன நாளுக்கெல்லாம் அவளே நட்சத்திரம் போடுகிறாள், இந்த மாதம் இருபத்து நான்கு நாளில் பத்தொன்பது நட்சத்திரம். பழமும் கீரையும் பழகிவிட்டது, கருணைக்கிழங்கை இன்னும் துப்புகிறாள் ஐயா.

பள்ளியில் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். டீச்சர் சொன்னபடி குழுக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்தேன், கொடுத்த பின்புதான் தெரிந்தது, இன்னும் நான்கு அம்மாக்கள் வீட்டிலும் இதே கதை. காலையில் பதினைந்து நிமிடம் முன்னால் எழுப்பி, ஒரு இட்லியாவது கொடுத்து உட்கார வைத்து அனுப்புகிறேன்.

அந்த உளுந்து அளவுச் சதை இன்னும் இருக்கிறது, சுருங்கியிருக்கிறது. அப்படியே இருந்தாலும் ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறார் டாக்டர். மார்ச்சில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பவுடர் அளவைக் குறைப்பாரா, செவிலி அக்கா?

நீடா செவிலி | பிப்ரவரி 25, காலை 6.20

குறைக்கலாம், ஆனால் அவர்தான் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு நிறுத்திய அந்த ஐந்து நாளையும் மறைக்காமல் சொல்லுங்கள், காலண்டரைக் கையோடு கொண்டுபோங்கள். குறைத்தாலும் மெதுவாகத்தான் குறைப்பார்கள். ஏப்ரல், மே விடுமுறையில் ஊருக்குப் போனால் பவுடரும் மணைப்பலகையும் பையில் இருக்கட்டும்.